துண்டுக்கடியில் கடல்

எங்கோ தூரத்தில் கடல் சூடேறிவிட்டது, இங்கே மழை கொட்டப் போகிறது என்று வானொலி சொன்னதும் உப்பள முதலாளி அருளப்பன் ஓலைக்கட்டுகளை எண்ணிப் பார்த்தார். ஓலை வேய்ந்தாலும் பெருமழைக்கு உப்புக்குவியல் தாங்காது. கடலோடு பேரம் பேச மாட்டுத்தரகர் பிச்சைக்கனியைக் கையோடு கூட்டிவந்து கடற்கரையில் உட்காரவைத்தார். பிச்சைக்கனி, மாட்டுச்சந்தையில் விலைபேசுவதுபோல், துண்டால் மறைத்துத் தண்ணீருக்குள் கடலின் விரல்பிடித்துப் பேசினார்.

"என்ன கேக்குது?"

"பத்து மழை, அண்ணாச்சி."

"அநியாயம்யா! ரெண்டுக்குப் பேசி முடிய்யா."

துண்டு நெளிந்தது. பிச்சைக்கனி முறைத்தார். எழுந்து போவதுபோல் போய்த் திரும்ப உட்கார்ந்தார்.

"நாலு. அதுக்குக் கீழ எறங்காதாம்."

வந்தவரை லாபம் என்று அருளப்பன் தலையாட்டினார். பிச்சைக்கனி கையை எடுக்கவில்லை.

"இன்னும் என்னவாம்?"

"அச்சாரம் வேணுமாம்."

அருளப்பனின் வழுக்கையில் பொட்டென்று ஒரு துளி விழுந்தது.

"அச்சாரம் போக பாக்கி மூணுதான்! நல்லாக் கேட்டுக்க!" என்று கடலைப் பார்த்துக் கத்திச் சிரித்தபடி, ஓலை எடுக்க ஓடினார்.