இரண்டாவது டிக்கெட்

டிக்கெட் கவுண்டர் வேலைக்குப் புதிதாக வந்தவனுக்கு அந்த ஆளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. மின்ரயிலுக்கும் சுரங்க ரயிலுக்கும் உள்வழியாகவே மாறிக்கொள்ளலாம். ஒரே டிக்கெட் போதும். அந்த ஆளோ காலையும் மாலையும் வெளியே வந்து, பக்கத்துக் கவுண்டர் அக்காவிடம் இன்னொரு டிக்கெட் வாங்கி, இளித்துவிட்டுப் போனான்.

ஒருநாள் காலையில் இவன் கேட்டே விட்டான். "உள்வழி இருக்கும்போது எதுக்கு சார் தண்டச் செலவு?"

"எனக்கு நைட் ஷிப்ட், இவளுக்குப் பகல். வீட்டுக்கு ஒரே சாவி தம்பி. காலையில வாங்கிப்பேன், சாயங்காலம் குடுத்துடுவேன்," என்றார் அக்காவின் கணவர்.

டிக்கெட்டையும் சாவியையும் வாங்கிக்கொண்டு அவர் போனதும் இவனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "மாத்துச் சாவி ஒண்ணு செஞ்சுக்கலாமேக்கா?"

"போன வருஷமே செஞ்சு வச்சிருக்கார்," என்று சிரித்தாள் அக்கா. "எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."