லோஞ்சில் வந்த இழுப்பு

“அம்மன் திருவிழா முடியுமட்டும் மச்சம் மாமிசம் ஒண்டும் ஏத்தேலாது!”

ஒருத்தியின் கருவாட்டுப் பையையும் இன்னொருவரின் சேவலையும் கரையிலேயே இறக்கிவிட்டுத்தான் லோஞ்சுக்காரர் படகின் கயிற்றை அவிழ்த்தார்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் பாதித் தூரம் போயிருக்கும். மூலையில் நெஞ்சைக் கட்டிப்பிடித்தபடி இருந்த ஆழ்வாப்பிள்ளையிடமிருந்து ‘கீ... கீ...’ என்று சத்தம் வந்தது.

“ஐயோ, மனிசனுக்கு இழுக்குது!” என்றாள் ஒருத்தி.

போன கிழமைதான் முதலுதவி வகுப்பில் சான்றிதழ் வாங்கிய மனோகரி சனத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்து வந்தாள்.

“படுக்காதேங்கோ அண்ணை. நிமிர்ந்திருந்து கொஞ்சம் முன்னுக்குச் சாயுங்கோ. சட்டைப் பொத்தானைக் கழட்டுங்கோ.”

“வேண்டாம் பிள்ளை. எனக்கு ஒண்டுமில்லை.”

“கழுத்துமட்டும் பூட்டிக்கொண்டிருந்தால் எப்பிடி மூச்சு விடுறது?”

லோஞ்சுக்காரரும் எட்டிப் பார்த்தார். ஆழ்வாப்பிள்ளைக்கு முகமெல்லாம் வேர்த்தது. மனோகரி விடவில்லை. மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி உள்ளே பார்த்தாள். பிறகு இரண்டையும் தானே பூட்டிவிட்டாள்.

“கடுமையான இழுப்புத்தான். ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ, காத்து வேணும்!”

நயினாதீவு வரும்வரை அவள்தான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

இறங்குதுறையில் சனம் கலைந்ததும் ஆழ்வாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார்.

“பெரிய உதவி, பிள்ளை.”

மனோகரி தன் பனையோலைக் கூடையை நீட்டினாள்.

“ஆறு இருக்கு, எண்ணிப்போட்டன். ரெண்டு கோழிக்குஞ்சை இதுக்குள்ளை விடுங்கோ, அண்ணை.”