ஜப்பானுக்குத் தெரிந்த ஒரே பாட்டு

“ஜப்பானைக் கூப்பிடுங்க. அவன் ஒருத்தனுக்குத்தான் அந்த பாஷை தெரியும்” என்றார் முதலாளி.

கம்பி சுருட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையைப் பழந்துணியில் துடைத்தபடியே வந்தான் அவன். அவனுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மெஷின் ஓட்டும்போதெல்லாம் ஜப்பான் பாஷையில் ஏதோ முணுமுணுப்பதால், பட்டறையில் பதினாறு வருடமாக அவன் ஜப்பான்தான்.

முதலாளி அறையில் நிஜமான ஜப்பான்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பூட்டு செய்யும் கம்பெனியிலிருந்து வந்தவர். பூட்டுக்குள் போகும் பொடி ஸ்பிரிங்கை எந்தப் பட்டறையில் வாங்குவது என்று இன்றைக்கு முடிவு செய்யப் போகிறவர். மொழிபெயர்க்க வேண்டிய பெண்ணோ, தண்டவாளத்தில் ஏதோ கோளாறு என்று நடுவழியில் ரயிலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரமாக முதலாளியும் விருந்தாளியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்துப் போயிருந்தது. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த ஆங்கிலம் ‘குட் மார்னிங்’கோடு தீர்ந்துவிட்டது.

முதலாளி அவனை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். “ரெண்டு தடவை மணி பாத்துட்டாரு. மூணாவது தடவை பாத்தா எழுந்து போயிடுவாரு. இந்த ஆர்டர் வரலேன்னா ரெண்டாவது ஷிப்டை மூட வேண்டியதுதான். போய் நாலு வார்த்தை பேசு.”

“சார், பேசவெல்லாம் வராது. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பாட்டு.”

“பாட்டா?”

“சின்ன வயசுல டிவில வந்த கார்ட்டூன் பாட்டு சார். நரிக்குட்டி ஒண்ணு மேகத்து மேல ஏறிப் போய் தபால் குடுக்கும். பேச்செல்லாம் தமிழ்ல மாத்திட்டாங்க, பாட்டை மட்டும் ஜப்பான் பாஷையிலயே விட்டுட்டாங்க.”

முதலாளி கண்ணை மூடித் திறந்தார். “அவருக்கும் உன் வயசுதான் இருக்கும். அவரும் பாத்திருப்பாரு. பாடு.”

ஆனால் அவனுக்கு நடுவில் ஓர் இடம் விட்டுப்போயிருந்தது. தினமும் மெஷின் சத்தத்தோடு பாடும்போது தெரியாத ஓட்டை, இப்போது கிணறு மாதிரி தெரிந்தது. அக்காவுக்கு போன் போட்டான்.

அந்தப் பாட்டு அக்காவின் சொத்து. சனிக்கிழமை காலையில் இருவரும் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கேட்கக் கேட்க அவள்தான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். ஒரே சொல் அவளுக்கு ஒரு மாதிரி, இவனுக்கு ஒரு மாதிரி காதில் விழும். சண்டை முற்றினால் மூத்தவள் சொன்னதே சரி.

“அக்கா, நரிக்குட்டி பாட்டுல ரெண்டாவது சரணம் எப்படி ஆரம்பிக்கும்?”

“வேலை நேரத்துல இதைக் கேக்கவா போன் பண்ண?”

“சிரிக்காத. பன்னெண்டு பேரோட வேலை இதுலதான் தொங்குது.”

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. அக்கா மெல்ல முணுமுணுத்துப் பார்த்தாள். “‘கசி கசி மோரு’ன்னு எடுக்கணும்டா.”

“மோரா, மோரியா?”

“மோருதான். நோட்டுல எழுதினது நானா நீயா?”

அவன் உள்ளே போய் விருந்தாளி முன்னால் நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். முதல் வரி அவனுக்கே கேட்கவில்லை. இரண்டாவது வரி மெல்ல வெளியே வந்தது.

மூன்றாவது வரியில் அவனுக்கு எட்டு வயதாகிவிட்டது. அக்கா சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையும் தாமாக மேலே போய் நரிக்காது பிடித்தன. கசி கசி மோருவில் குரல் உடைந்தாலும் விடாமல் ஏறினான். கதவருகே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் சிரிக்க மறந்துபோனார்கள்.

விருந்தாளி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்தார்.

பிறகு எழுந்து நின்று அவரும் ஒரு பாட்டுப் பாடினார். மெட்டு வேறாக இருந்தது. “கடைசிப் பகுதி போல இருக்கு சார். டிவில பாதியோட நிறுத்திடுவாங்க” என்று ஜப்பான் முதலாளியின் காதில் சொன்னான்.

அதன்பின் எல்லாம் தானாக நடந்தது. விருந்தாளி அவன் தோளைத் தட்டிக்கொண்டே பட்டறை முழுவதும் சுற்றினார். கம்பி சுருளும் அழகைக் குனிந்து பார்த்தார். சாம்பிள் ஸ்பிரிங்கை விரலால் அழுத்தி அழுத்திக் குழந்தை மாதிரி விளையாடினார். மணி பார்க்கவே இல்லை.

“ஒரே கார்ட்டூன் பாத்து வளந்தவங்க. தேசம் வேறன்னாலும் சின்ன வயசு ஒண்ணுதான்” என்று முதலாளி தழுதழுத்தார்.

மொழிபெயர்க்கும் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தபோது அவர்கள் பாக்கிங் மேஜைக்கு வந்திருந்தார்கள். விருந்தாளி அவளிடம் நிறைய பேசினார்.

“சாம்பிள் ரொம்ப பிடிச்சிருக்காம் சார். ஆர்டர் உங்களுக்குத்தான். அடுத்த மாசமே சரக்கு வேணுமாம்” என்றாள்.

முதலாளி பக்கத்திலிருந்த பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். ஜப்பானின் கையைப் பிடித்து இழுத்து விருந்தாளி முன்னால் நிறுத்தினார். “இவன் பாட்டு எப்படி இருந்துச்சுன்னு கேளும்மா. அதை அவர் வாயால இவன் கேக்கணும்.”

அவள் கேட்டாள். விருந்தாளி நெஞ்சில் கை வைத்து நிதானமாகப் பதில் சொன்னார். அவள் நெற்றியைச் சுருக்கினாள். இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு இவர்கள் பக்கம் திரும்பினாள்.

“தமிழ் இவ்வளவு இனிமையா இருக்கும்னு இவருக்குத் தெரியாதாம்.”