எறங்கி வாங்கண்ணே!

அருள்நாதன் போட்ட சத்தத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டையே ஓரடி நகர்ந்திருக்கும்.

"ஏலே மொக்கை! ரெண்டு பேரும் சம்மதிச்சுத்தானே கான்ட்ராக்டைப் பாதியிலயே முறிச்சுக்கிட்டோம்? பாதி வீட்டுக்கு ஆன செலவைக் குடுத்துட்டேன். கட்டாத மிச்சத்துக்கும் லாபம் கேக்குறியே!"

"முழுசாக் கட்டியிருந்தா வந்திருக்குமேண்ணே! செத்த எறங்கி வாங்க" என்று கெஞ்சினார் கான்ட்ராக்டர் மொக்கைச்சாமி.

"ஒரு படி எறங்க மாட்டேன்! உன் சாமான் அம்புட்டையும் எடுத்துக்கிட்டுக் கெளம்பு!"

மொக்கைச்சாமி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்.

ஜெயித்த மிதப்பில் சாப்பிடக் கிளம்பிய அருள்நாதன், மொட்டைமாடி விளிம்பில் திகைத்து நின்றார். அந்த வீட்டுக்கு இன்னும் படிக்கட்டே கட்டவில்லை. அவர் ஏறி வந்த மூங்கில் ஏணி, மொக்கைச்சாமியின் வண்டியில் போய்க்கொண்டிருந்தது.

"ஏலே மொக்கை!"

வண்டி நிற்கவில்லை.

"மொக்கைச்சாமி அண்ணே! நில்லுங்கண்ணே! நான் எறங்கி வாரேன்!"