ஃபேமிலி பாஸ்

"கோச்சுக்காதீங்க மேடம், கடைசியா ஒரு தடவை சொல்லுங்க. நாலு பேருக்கும் தனித்தனியா எடுத்தா எவ்வளவு? ஃபேமிலி பாஸ்னா எவ்வளவு?"

ஆஞ்சலா பெருமூச்சு விட்டாள். பெங்களூருக்கு வெளியே, சந்தாபுராவைத் தாண்டி இருக்கும் அந்தக் கேளிக்கைப் பூங்காவில் அவள் டிக்கெட் கவுன்ட்டருக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து உட்கார்ந்தால், சாயங்காலம் வரை ஆயிரம் முகம். ஆனால் இப்படி ஒரு மனுஷரை அவள் பார்த்ததில்லை.

ப்ரஹ்லாத் என்று பில்லுக்குப் பெயர் சொன்னவர், கையில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு கால்மணி நேரமாக ஜன்னலை விட்டு நகரவில்லை.

"தனித்தனியா நாலாயிரத்து முந்நூறு சார். ஃபேமிலி பாஸ்னா மூவாயிரத்து எழுநூறு. பெரியவங்க ரெண்டு, சின்னவங்க ரெண்டு."

"செவ்வாக்கிழமைக் கழிவு?"

"அதைக் கழிச்சுதான் சொல்றேன்."

"வருஷ பாஸ் எடுத்தா மூணு தடவை வந்தாத்தான் லாபம். அது வேணாம்." தாளில் ஒரு வரியை அடித்தார். "சாப்பாட்டோட சேத்து?"

"தலைக்கு இருநூத்தம்பது கூட."

"ஐயோ, வேணாம். புளிசாதம் கட்டியிருக்கா என் சம்சாரம் வீணா. வெளிய போய் சாப்டுட்டுத் திரும்ப உள்ள வரலாமில்ல?"

"கையில சீல் குத்திக்கிட்டா வரலாம்."

இன்னொரு வரியும் அடிபட்டது. வரிசையின் பின்னாலிருந்து ஒருவர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார். "பேக மாடி ஸார்!"

"ஒந்தே நிமிஷா ஸார்," என்று அவருக்கும் கன்னடத்திலேயே சமாதானம் சொல்லிவிட்டு, ப்ரஹ்லாத் மறுபடி ஜன்னலுக்குள் குனிந்தார். "பெரியவங்க மூணு, சின்னவங்க ஒண்ணுன்னா எவ்வளவு ஆகும்?"

"அப்ப ஃபேமிலி பாஸ் வராது. நாலாயிரத்து ஐந்நூத்தம்பது. எதுக்கு சார் அது? உங்களுக்கு ரெண்டு பசங்கதானே?"

ஆஞ்சலா எட்டிப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், பத்து வயதிருக்கும். பக்கத்தில் அவள் தோளை எட்டும் ஒரு பையன். இரண்டும் சின்ன டிக்கெட்தான், சந்தேகமே இல்லை.

"ஃபேமிலி பாஸே எடுத்துக்கங்க சார். அதைவிட எண்ணூத்தம்பது மிச்சம். பில் போடட்டுமா?"

"இருங்க மேடம். பாப்பாவை அளந்துட்டுப் போடுங்க."

ஆஞ்சலாவுக்கு எரிச்சல் வந்தது. வாசலில் பிடித்து அதிகம் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் போலிருக்கிறது. நூற்று நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சின்னவர் என்பதுதான் கணக்கு.

"அளக்கவே வேணாம் சார். பார்த்தாலே தெரியுது."

"இல்ல மேடம், அளந்துடுங்க. மகா, போம்மா."

அந்தப் பெண் அளவுக் கம்பத்துக்குப் போனாள். காவலுக்கு நின்ற வெங்கி அவள் தலைமேல் பலகையை இறக்கினான். குனிந்து பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"கோட்டுக்கு மேல வருதே ஆஞ்சலா!"

போச்சு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா இந்த ஆள்? பத்து ரூபாய்க்குப் பத்து தடவை கணக்குப் போட்டவருக்கு இப்போது எண்ணூற்றைம்பது நஷ்டம். ஆஞ்சலாவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஷூவைக் கழட்டிட்டு அள வெங்கி. தலையில கிளிப்பு வேற இருக்கு பாரு."

மகா தானாகவே ஷூவைக் கழற்றினாள். கிளிப்பையும் எடுத்தாள். கம்பத்தில் குதிகாலை ஒட்டி நின்றாள். ஆஞ்சலா ஜன்னல் வழியாக அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கு என்று சைகை காட்டினாள்.

பெண் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் விறைப்பாக நிமிர்ந்தாள்.

'சுத்த விவரம் கெட்ட பொண்ணு' என்று நினைத்துக்கொண்டாள் ஆஞ்சலா.

"இப்பவும் மேலதான். ஒரு விரக்கடை," என்றான் வெங்கி.

வீணா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. ப்ரஹ்லாத் அப்படியே நின்றார். கையிலிருந்த தாள் நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பாவம், இதற்குப்போய் அழுகிறார்களே! ஆஞ்சலா குரலைத் தாழ்த்தினாள்.

"சார், ஒரு விரக்கடைதானே. நான் பார்க்கலைன்னு வெச்சுக்கிறேன். வாசல்ல கேட்டா என் பேரைச் சொல்லுங்க. ஃபேமிலி பாஸே போட்டுடறேன்."

"வேணாம் மேடம்." ப்ரஹ்லாத் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினார். "பெரியவங்க மூணு, சின்னவங்க ஒண்ணு."

"என்ன சார் நீங்க! இவ்வளவு நேரம் கணக்குப் பார்த்துட்டு, நானே குறைச்சுத் தர்றேன்னா வேணாங்கிறீங்க?"

அவர் பேச முயன்றார். அதற்குள் மகா வெறுங்காலோடு ஓடிவந்து, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகம் முழுக்கச் சிரித்தாள்.

"அக்கா, எனக்குப் பதினாலு வயசு. ஊசி இல்லாம நான் வளரவே மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாலு வருஷமா தினம் ஒண்ணு குத்திக்கிட்டு இன்னிக்குத்தான் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கேன், பெரிய டிக்கெட்டே குடுங்க!"