ஒரு ஃபைல் மிச்சம்

ஃபைல் திறந்திருக்கிறது, அழிக்க முடியாது என்றது கம்ப்யூட்டர். திறந்திருப்பவர்: பென்சில்.

பென்சில் அண்ணன் இறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது.

நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். மாலை ஐந்து மணி வெயில் மேஜைமேல் விழுந்துகிடக்கிறது. எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில் என்னைச் சுற்றிப் பதினொரு பேர் இருக்கிறார்கள். இருந்தும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணன் வரைவதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். லாகின் பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டார். எனக்குத் துடைப்பம் என்று பெயர் வைத்ததும் அவர்தான். நான் எழுந்து நடந்தாலே போதும், "துடைப்பம் வருது, எல்லாரும் காலைத் தூக்கிக்குங்க" என்பார்.

பெயருக்கேற்ற வேலைதான். முடிந்த வேலைகளின் ஃபைல்களை ஜிப்பாக அமுக்கிக் கட்டி வைப்பேன். கட்டியதும் அசல் ஃபைல்கள் தானாக அழிந்துவிடும். அதற்கென்று நானே ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். ஏதாவது ஒன்று அழியாமல் அடம்பிடித்தால், நிமிடத்துக்கு ஒரு தடவை போய்த் தட்டிப் பார்க்கும். விடாக்கண்டன். எனக்கு அதில் பெருமை, சொல்லப்போனால் கொஞ்சம் திமிர்.

இந்த வாரம் சர்வர் மாறுகிறது. அதற்குள் அண்ணனின் ஃபோல்டரைக் கட்ட வேண்டும். மொத்தம் நானூற்று ஆறு ஃபைல். நானூற்று ஐந்து போய்விட்டன. 'நம்ம வீடு' என்று பெயரிட்ட ஒன்று மட்டும் அசையவில்லை.

அவருடைய மேஜைக் கம்ப்யூட்டரைத் துடைத்து வேறு ஒருத்தருக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்தவளே நான்தான். பிறகு யார் திறந்து வைத்திருக்கிறார்கள்?

பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். "அண்ணன் இன்னும் ட்யூட்டியிலதான் இருக்கார் போல" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

நிமிடத்துக்கு ஒரு தடவை நிரல் போய்த் தட்டியது. பாத்ரூம் கதவைத் தட்டினால் உள்ளே இருந்து குரல் வருமே, அந்த மாதிரி ஒவ்வொரு தடவையும் அதே பதில் வந்தது. திறந்திருப்பவர்: பென்சில்.

அப்புறம்தான் அந்த லேப்டாப் ஞாபகம் வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்க அலுவலகம் கொடுத்தது. அதில் திறப்பதும் சர்வரில் இருக்கும் ஃபைல்தான், லேப்டாப்பில் நகல் தங்காது. திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். அண்ணி எடுத்தார். லேப்டாப்பைப் பற்றிக் கேட்டேன்.

"அதை நான் மூடவே இல்லம்மா. அரை மணி படுத்துட்டு வரேன், அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டுத்தான் போய்ப் படுத்தார்."

அந்தத் தூக்கத்திலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை என்பது அலுவலகத்துக்கே தெரியும். லேப்டாப் திறந்தபடி இருக்கிறது என்பதுதான் தெரியாது. அண்ணி சார்ஜரைக்கூடக் கழற்றவில்லையாம்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

கேட்காமலே அண்ணி பேச ஆரம்பித்தார். வாங்கிப் போட்டிருக்கும் மனையில் கட்டப்போகும் வீடாம் அது. நாலு வருஷமாக வரைந்தாராம். அண்ணி சொல்லிச் சொல்லியே சமையலறை ஜன்னலை ஒன்பது தடவை நகர்த்தினாராம்.

அளவு தெரிவதற்காக வரைபடத்தில் ஒரு ஆள் உருவத்தை நிறுத்துவது எங்கள் தொழில் வழக்கம். எல்லா வீட்டிலும் அதே ரெடிமேட் ஆள்தான் நிற்பார். இந்த வீட்டுக்கு மட்டும் அண்ணன் இரண்டு பேரைத் தானே வரைந்திருந்தாராம். ஜன்னலோரம் நிற்பது அண்ணி. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்பது அவர். காதில் பென்சில்கூட உண்டாம்.

"சாயங்காலம் அவர் வர்ற நேரத்துக்குப் போய் அது முன்னாடி உட்கார்ந்துக்குவேன்" என்றார்.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சர்வர் மாறுது அண்ணி, அந்த ஒரு ஃபைல் திறந்திருக்கிறதால வேலை நிக்குது என்றுதான் என் வாயில் வந்தது. என் புத்தி அப்படி.

அண்ணி பதறிவிட்டார். "ஐயையோ, ஆபீஸ் வேலையைக் கெடுத்துட்டேனா? இரும்மா, மூடிடறேன்."

மூலையில் இருக்கும் பெருக்கல் குறிதானே என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அமுக்கியும் விட்டார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் திரையில் பச்சை எழுத்து வந்தது. மிச்சம்: பூஜ்யம்.

நிம்மதியாக மூச்சு விட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் விட்டேன். பழக்க தோஷத்தில் ஜிப்பைத் திறந்து எண்ணிக்கை பார்த்தேன்.

நானூற்று ஐந்து.

இன்னொரு தடவை பார்த்தேன். நானூற்று ஐந்துதான்.

திறந்திருந்த ஃபைலை ஜிப்பால் உள்ளே எடுக்கவே முடிந்திருக்கவில்லை. எல்லாம் உள்ளே போயிற்றா என்று பார்த்துவிட்டு அழி என்று நிரலில் ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நேரம் மிச்சமாகும் என்று நான் எழுதவில்லை. சர்வரின் பழைய நகல்கள்? இடம் வேண்டுமென்று திங்கட்கிழமையே துடைத்துவிட்டேன். ஈ எறும்புகூட மிஞ்சாமல்.

போனில் அண்ணி இன்னும் இருந்தார்.

"வேலை முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது அண்ணி."

"நல்லதும்மா. அவர் வர்ற நேரமாச்சு. இப்போ நான் மறுபடி திறந்துக்கலாம்ல?"