சைரன் இல்லாத வெடி

"அப்போ பெடல்லேர்ந்து காலை எடுத்தாலும் எஞ்சின் சும்மா இருக்காதா?" என்று கேட்டாள் சத்யா.

"இருந்தா டர்போ தூங்கிடும்," என்றான் சிலம்பரசன். பந்தயக் காரின் பானெட்டுக்குள் குனிந்திருந்தவன் தலையை வெளியே எடுக்கவில்லை.

வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் தள்ளும் புகை குறையும். புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குக் காற்றை ஊட்டும் டர்போவும் தளரும். மறுபடி மிதித்தால் கார் ஒரு கணம் யோசிக்கும். ராலிப் பந்தயத்தில் தோற்க அந்தக் கணம் போதும்.

அதனால் காலை எடுத்த பிறகும் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும்படி செய்திருந்தான். அது எஞ்சினுக்குள் எரியாமல், தாமதமாகப் புகைக்குழாயில் போய் வெடிக்கும். அந்த வெடியில் டர்போ சுற்றிக்கொண்டே இருக்கும்.

வெடிச் சத்தம் சுரங்கக் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கக் கேட்கும்.

"வேற ரோட்டுல ஓட்டிப் பாரேன்."

"குவார்ட்டர்ஸ் முனை மாதிரி வளைவு எங்கக்கா இருக்கு?" ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்த சுதாகர் சிரித்தான். "ஆளும் அங்கதான ஓடியாறாரு."

அவன் போனை நீட்டினான். நேற்று மாலை எடுத்தது.

வெடிச் சத்தம். லுங்கி அவிழ ஒரு கிழவர் சாலைக்கு ஓடிவருகிறார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். கார் அவரைச் சுற்றி வளைந்து, அவர் முதுகுக்குப் பின்னால் மறுபடி வெடிக்கிறது. அவர் விழுகிறார். சிரிப்பு.

அந்தக் கிழவர் வெள்ளைச்சாமி, சுரங்கத்தில் வெடிவைக்கும் பிரிவில் இருந்தவர். உள்ளே ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சைரன் ஊதுவது அவர் வேலை. ஓய்வுபெற்றபின் எல்லாம் மறந்துகொண்டே வந்தது. சாப்பிட்டதா இல்லையா என்பது மறந்தது. வீடு எது என்பது மறந்தது.

சைரன் ஊதாமல் வெடித்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்பது மட்டும் மறக்கவில்லை.

"கட்டில் காலோட சேத்துக் கட்டிட்டு வந்திருக்கேன்," என்றாள் சத்யா.

"அப்புறம் என்ன." சிலம்பரசன் பானெட்டை மூடினான்.

"கயித்தைக் கடிச்சிக்கினு இருக்காரு."

சுதாகர் மறுபடி சிரித்தான். சத்யா அவன் கையிலிருந்து போனை வாங்கினாள். வீடியோவைப் பின்னால் தள்ளி, சத்தத்தைக் கூட்டி, சிலம்பரசனின் காதருகே பிடித்தாள். கிழவரின் குரல்.

"நிறுத்துங்கடா. சிலம்பு உள்ள இருக்கான். எம்புள்ள உள்ள இருக்கான்டா."

சிலம்பரசன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தான். எஞ்சின் உறுமியது.

சத்யா கண்ணாடியைத் தட்டினாள்.

"தம்பி, வளைவுக்கு முன்னாடி ஹார்னை நல்லா நீட்டி அடிடா. அப்பா சைரன்னு நெனச்சுக்குவாரு."